வீட்டை அழகு செய்தல்: மாதிரியும் சாமானும் கிடைக்குமிடங்கள்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

கிராமத்தில் ஒரு புது வீடு கட்டப்படும்போதும், பழைய வீடு பழுது பார்க்கப்படும்போதும், கலியாணம் நெருங்கும்போதும் வீட்டாருக்குள் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "வீடு பார்வையாக இருக்க வேண்டும்" என்பதே அப்பேச்சு. இவ்வாசை குற்றமன்று. பகலெல்லாம் வயலில் உழைத்து வருபவன், வெளுத்த சுவரும் விரித்த பாயும் துலக்கிய விளக்கும் உள்ள வீட்டினுள் நுழைகையில் அவன் களைப்பில் பாதி நீங்குகிறது. அழகு செல்வருக்கு மட்டும் உரிய பொருளன்று.

ஆனால் இவ்வாசையை நிறைவேற்றிக்கொள்ளும் முறையில்தான் அநேக குடும்பங்கள் இடறி விழுகின்றன. பட்டணத்து உறவினர் வீட்டில் கண்டது ஒன்று, கடைக்காரர் காட்டிய படம் ஒன்று, அடுத்த தெருவில் சமீபத்தில் எழும்பிய மாடி வீடு ஒன்று. இம்மூன்றுமே மாதிரிகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுக்கு வேண்டிய சாமான்கள் விலையுயர்ந்தவை. கையில் ரொக்கமில்லாவிடில் கடன் வாங்கப்படுகிறது. பயிர்ச் செலவுக்கென்று பெற்ற கடன் சுவர் வர்ணத்துக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. தவணை வரும் காலத்தில் மழையும் பொய்த்துவிட்டால், வர்ணம் பூசிய அந்த வீட்டின் பத்திரமே ஈடாகப் போய்ச் சேருகிறது. வீட்டை அழகு செய்யப் புறப்பட்டு வீட்டையே இழப்பது எவ்வளவு பரிதாபம்!

ஆகவே இப்பாடத்தில் இரண்டு கேள்விகளை ஆராய்வோம். முதலாவது, வீட்டலங்காரத்துக்கு மாதிரியை எங்கே தேடுவது? இரண்டாவது, அதற்கு வேண்டிய சாமான்களை எங்கே, எவ்வாறு பெறுவது? இவ்விரண்டுக்கும் விடை பெரும்பாலும் நமக்கு நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது என்பதைக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. மாதிரி நம் வாசலிலேயே தொடங்குகிறது

நாள்தோறும் விடியற்காலையில் நம் வீட்டு ஸ்திரீகள் வாசலில் கோலமிடுகிறார்கள். அதைத் தினமும் மிதித்துக்கொண்டு போகும் நாம் அதிலுள்ள பாடத்தைக் கவனிப்பதில்லை. கோலமிடுபவர் முதலில் இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிறார். பிறகு இடத்தின் அளவைப் பார்த்துப் புள்ளி வைக்கிறார். புள்ளி வைத்து முடிந்த பின்னரே கோடு இழுக்கிறார். ஒரு பக்கத்தில் வளைவு வந்தால் எதிர்ப் பக்கத்திலும் அதே வளைவு வருகிறது. கோலத்தைச் சுற்றி வெறும் தரை விடப்படுகிறது. அவ்வெறுந்தரையினாலேயே கோலம் எடுப்பாகத் தெரிகிறது.

வீட்டை அழகு செய்வதற்கு வேண்டிய விதிகள் இவற்றில் அடங்கியுள்ளன. முதலில் சுத்தம், அடுத்து அளவும் யோசனையும், பிறகே சாமான். ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இராதபடி ஒழுங்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்றிடம் வேண்டும். சுவர் முழுவதும் படங்களையும் நாட்காட்டிகளையும் மாட்டி, மூலைதோறும் ஒரு பொம்மையை வைத்துவிட்டால், எதுவும் கண்ணில் நில்லாது. தூசி மட்டுமே தங்கும். நல்ல படம் ஒன்றை மட்டும் வெள்ளைச் சுவரின் நடுவில் மாட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே விளங்கும்.

2. கோயிலும் பழைய வீடுகளும்

இரண்டாவது மாதிரி நமது ஊர்க் கோயில். வெண்மையும் காவியும் மாறி மாறிப் பட்டையடித்த அதன் மதிற்சுவரைவிட எடுப்பான நிறச் சேர்க்கை எந்தக் கடைப் படத்திலும் கிடைப்பது அரிது. அதற்குச் செலவு சுண்ணாம்பும் காவி மண்ணுமே. மண்ணிலிருந்து எடுத்த நிறங்கள் வெயிலுக்கு எளிதில் மங்குவதில்லை. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலில் தாமரைத் தடாகமும் மீன்களும் பறவைகளும் தீட்டப்பட்டுள்ளன. அவை தீட்டப்பெற்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பெரிதும் சிதைந்துபோனபோதிலும் எஞ்சியுள்ள பகுதியில் நிறம் இன்றும் தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்துச் சித்திரங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் காலத்துச் சித்திரங்கள் 1931ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. அவையும் சுண்ணாம்புப் பூச்சின்மீது செங்காவி, மஞ்சட்காவி முதலிய மண் நிறங்களைக்கொண்டு எழுதப்பட்டவையே.

மூன்றாவது மாதிரி ஊரிலுள்ள பழைய வீடுகள். திண்ணையும் முற்றமும் நேருக்கு நேரான வாசல்களும் அமைந்த வீட்டில், முன் வாசலில் நுழையும் காற்று பின் வாசல் வழியே போய்விடுகிறது. அவ்வீடுகளில் அலங்காரம் எங்கே செய்யப்பட்டுள்ளது என்று கவனியுங்கள். நிலைப்படியின் மேற்கட்டையில் செதுக்கு வேலை, தூணின் தலைப்பில் ஒரு பூ, மாடக்குழியைச் சுற்றி ஒரு விளிம்பு, இவ்வளவே. உபயோகமான பொருளையே அழகாகச் செய்தார்களேயன்றி, அழகுக்கென்று உபயோகமற்ற பொருளை வாங்கி வைக்கவில்லை.

தம் ஊரில் அத்தகைய வீடுகள் மிஞ்சியிராதவர்கள், சென்னைக்குச் செல்லும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்கு அருகிலுள்ள தட்சிணசித்திராவைப் பார்த்து வரலாம். 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்விடத்தில், தென்னாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த வீடுகள் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடும் நெசவாளர் வீடும் குயவர் வீடும் அவற்றுள் அடங்கும். ஒரு குயவர் வீடு எவ்வளவு சிறிதாயிருந்தும் எவ்வளவு நேர்த்தியாயிருக்கக்கூடும் என்பதை அங்கே நேரில் காணலாம்.

3. செட்டிநாடு தரும் பாடம்

அலங்காரமான வீடு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது செட்டிநாடு. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ இரண்டாம் உலக யுத்தம் வரையில் கட்டிய பெருவீடுகள், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பர்மா, மலேயா, இலங்கை முதலிய தேசங்களில் வட்டித் தொழிலும் வாணிகமும் செய்து ஈட்டிய பொருளைக்கொண்டு, பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியத்துக் கண்ணாடியும் ஜப்பானிய ஓடுகளும் தருவித்து அவற்றைக் கட்டினார்கள்.

1930ஆம் ஆண்டையொட்டி நெல் விலை வீழ்ந்தது. பர்மாவில் கொடுத்திருந்த கடன்கள் முடங்கின. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த சொத்துக்கள் பலருக்குக் கைவிட்டுப் போயின. வருமானம் நின்றபின் அத்தனை பெரிய வீடுகளைப் பராமரிப்பதே பாரமாயிற்று. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, பல பிரிக்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் கண்ணாடிகளும் பாத்திரங்களும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் இன்றும் விலை போகின்றன. பெருஞ்செல்வரின் அலங்காரமே வருமானம் நின்றபின் இக்கதியை அடைந்ததெனில், கடன் வாங்கிச் செய்த அலங்காரத்தின் கதி என்னவாகும் என்பதை அங்கத்தினர்களே யோசித்துப் பார்க்கலாம்.

எனினும், செட்டிநாட்டில் ஒன்று அழியாது நின்றுவிட்டது. அது வெளிநாட்டிலிருந்து வந்ததன்று; அவ்வூர் மணலைக்கொண்டு அவ்வூரார் கையால் செய்யும் ஆத்தங்குடிக் கல். அதைச் செய்யும் முறை எளியது. ஒரு கண்ணாடித் தகட்டின்மீது இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வேலை செய்த தகட்டு அச்சை அமைக்கிறார்கள். நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்கிவிடுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டஞ்செய்கிறார்கள். இறுகிய கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து, பின்பு உலர்த்துகிறார்கள். சூளையும் நெருப்பும் வேண்டியதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. காலால் நடக்க நடக்க அதன் பளபளப்புக் கூடுமேயன்றிக் குறைவதில்லை.

இக்கல்லை வீடு முழுவதும் பதிக்க வேண்டுமென்பதில்லை. திண்ணைக்கோ, கூடத்தின் நடுப்பகுதிக்கோ மட்டும் பதித்து, மற்ற இடத்தைச் சாதாரணச் செங்காவித் தரையாக விடலாம். கோலத்தைச் சுற்றி வெறுந்தரை விடும் விதி இங்கும் பொருந்துகிறது. வாங்குவோர் ஆத்தங்குடிக்கே சென்று, பட்டறையில் அச்சுக்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நலம். கையால் செய்யப்படுவதால் கல்லுக்குக் கல் நிறம் சிறிது மாறியிருக்கும், அது குறையன்று. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இது சிமெண்டுக் கல்லாதலால், அமிலம் கலந்த துப்புரவுத் திரவங்களைக்கொண்டு கழுவினால் முகம் அரித்துவிடும். வெறுந்தண்ணீரால் துடைப்பதே போதும்.

4. சுவருக்குச் சுண்ணாம்பு

அலங்காரங்களில் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் சுண்ணாம்பு அடித்தலாகும். சுட்ட சுண்ணாம்பு நீரில் வெந்து நீறுகிறது; சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகுகிறது. அது காரத்தன்மை வாய்ந்ததாகையால் பூஞ்சணமும் கிருமிகளும் அதில் தங்குவது அரிது. வெண்மையினால் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பி, இருண்ட அறையையும் துலங்கச் செய்கிறது.

எண்ணெய் வர்ணமும் பிளாஸ்டிக் வர்ணமும் சுவரின்மேல் ஒரு தோலைப்போல் படிகின்றன. மண் சுவரிலும் பழைய செங்கற் சுவரிலும் தரையிலிருந்து ஏறும் ஈரம் அத்தோலுக்குப் பின்னே அடைபட்டு, சில காலத்தில் வர்ணத்தைக் கொப்புளங்கொப்புளமாக உரித்துத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடுகிறது. ஆதலால் பழைய வீடுகளுக்கு அதுவே ஏற்றது. ஏற்கனவே பிளாஸ்டிக் வர்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அதைச் சுரண்டி எடுத்த பிறகே அடிக்கலாம்.

செய்முறை வருமாறு: ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் எடுத்து, தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடவேண்டும். அது கொதித்துத் தெறிக்கும்; ஆகவே குழந்தைகளை அருகில் விடலாகாது, கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முழுதும் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, பிடிப்புக்காகச் சிறிது கரைத்த பசையோ கஞ்சியோ சேர்க்கலாம். சுவரைத் துடைத்து, தண்ணீர் தெளித்து நனைத்தபின், மெல்லிய பூச்சாக மூன்று தடவை அடிக்க வேண்டும். ஈரத்தில் வெளிறித் தோன்றுவதைக் கண்டு கெட்டியாக அப்புதல் தவறு. உலர்ந்த பிறகே வெண்மை ஏறும். கடும் வெயிலில் விரைவாக உலர்ந்தால் இறுக்கம் குறைந்து கையில் ஒட்டும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் நம் வழக்கம் இவ்வகையில் பொருத்தமானதே. அப்போது வெயில் மிதமாயிருக்கிறது.

நிறம் விரும்புவோர் சுவரின் அடியில் 2 அடி உயரத்துக்குக் காவிப் பட்டை அடிக்கலாம். அழுக்கும் அதில் தெரியாது. நடுத்தர நிலையிலுள்ளோர் இன்னும் உயர்ந்த பூச்சை விரும்பினால், செட்டிநாட்டுப் பூச்சைப் பற்றி விசாரிக்கலாம். சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கரு, கடுக்காய், வெல்லம் முதலியவற்றைச் சேர்த்து அரைத்து இழைக்கும் அப்பூச்சு, பளிங்குபோல் வழவழப்பாகப் பல தலைமுறைக்கு நிற்கிறது. ஆனால் கூலி அதிகம். கைதேர்ந்த கொத்தனாரும் வேண்டும். அதை ஒரு சுவருக்கு மட்டும் செய்துகொள்வதே போதும்.

5. விரிப்பும் பாயும் திரையும்

வெள்ளைச் சுவருக்கு நிறம் தருவது தரையில் விரிக்கும் விரிப்பே. ஈரோடு மாவட்டத்துப் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளம் முரட்டுப் பருத்தி நூலால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் முதலிய அகன்ற பட்டைகள் அதன் அடையாளம். பத்துப் பேர் உட்கார்ந்து உண்ணவும், விருந்தினர் படுக்கவும், மடித்துப் பரணில் வைக்கவும் உதவும் ஒரே சாமான் அது. கட்டிலும் நாற்காலியும் நிறைந்த அறையைவிட ஒரு ஜமக்காளம் விரித்த கூடம் விசாலமாகத் தோன்றும்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, உலர்த்தி, பருத்தி நூற்பாவில் நெய்கிறார்கள். மிக நுண்ணிய கோரையால் நெய்த பாய் துணியைப்போல் மடியக்கூடியது. அதன் விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. அன்றாட உபயோகத்துக்குச் சாதாரணக் கோரைப் பாயே போதும். நுண்ணிய பாய் ஒன்றைச் சிறு அளவில் வாங்கிச் சுவரில் தொங்கவிட்டால், அதுவே ஒரு சித்திரமாகும். திரைச்சீலைக்குக் கரூரும், படுக்கை விரிப்புக்குச் சென்னிமலையும் பெயர் பெற்றவை. வீட்டிலுள்ள பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றையே ஜன்னல் திரையாகத் தைத்துக்கொள்வதில் இழிவேதுமில்லை. அதன் கட்டங்களும் கரையும் கடைத் துணியைவிட அழகாயிருக்கும்.

6. விளக்கும் மண்ணும் ஓலையும்

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் கம்மாளர்கள் வார்க்கும் குத்துவிளக்கு ஒன்று வீட்டிலிருந்தால், வேறு அலங்காரப் பொருள் வேண்டுவதில்லை. மானாமதுரைப் பானைகள் தண்ணீரைக் குளிர வைப்பதோடு கண்ணையும் குளிர வைக்கும். பனையோலைக் கொட்டான்களும் பெட்டிகளும் தானியத்துக்கும் துணிக்கும் பூவுக்கும் ஆகும். உடைந்த பானையின் அடிப்பாகத்தில் துளசியோ மணிப்பிளாண்டோ வளர்க்கலாம்.

இன்னொரு யோசனை. ஊரில் பழைய வீடு இடிக்கப்படும்போது நிலை, கதவு, உத்திரம், தூண் முதலியன விறகு விலைக்கே போய்விடுவதைப் பார்க்கிறோம். நன்கு காய்ந்து முதிர்ந்த அம்மரம் இன்று கடையில் எளிதில் கிடைப்பதன்று. தூணின் துண்டு ஒரு மணையாகும். ஜன்னற்கதவு ஒரு அலமாரிக் கதவாகும். ஊர்த் தச்சருக்கும் வேலை கிடைக்கும்.

7. அசலும் போலியும்

பெயர் பெற்ற சரக்கு எதற்கும் போலி உண்டு. விசைத்தறியில் நெய்த விரிப்பைப் பவானி ஜமக்காளமென்றும், இரும்பின்மீது பித்தளை முலாம் பூசியதை நாச்சியார்கோயில் விளக்கென்றும் விற்போர் இருக்கிறார்கள். ஜமக்காளம் கைத்தறிக்கென 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டுள்ள பொருள்களுள் ஒன்று. பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஆகியவை 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி புவிசார் குறியீடும் பெற்றவை. ஆயினும் வாங்குபவர் விழிப்பாயிராவிடில் சட்டம் என்ன செய்யும்? சில எளிய சோதனைகள் வருமாறு:

(அ) விரிப்பின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, திறந்தவெளியில் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் மணம் வீசி மெல்லிய சாம்பலாகும். பிளாஸ்டிக் நூலானால் உருகி மணியாகத் திரளும்.

(ஆ) விளக்கில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது; ஒட்டினால் உள்ளே இரும்பு.

(இ) கைத்தறித் துணியில் 2006 முதல் வழங்கிவரும் கைத்தறி முத்திரை உண்டா என்று கவனியுங்கள்.

போலியை மலிவென்று வாங்குபவர் தாம் ஏமாறுவதோடு நில்லாமல், தறியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கிராமவாசியின் சோற்றிலும் மண்ணைப் போடுகிறார். அவரும் நம்மைப்போல் ஒரு சங்கத்தின் அங்கத்தினராயிருக்கக்கூடும்.

8. கூட்டாக வாங்குதல்

நமது நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் பிறந்தது. அதே ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில், அன்றாடச் சாமான்களைக் கூட்டாக வாங்கி அங்கத்தினர்களுக்கு விற்கும் சங்கமும் தோன்றியது. 1935இல் கைத்தறி நெசவாளர்களின் துணிகளை விற்பதற்கென்று சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட தலைமைச் சங்கமே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று யாவரும் அறிந்த ஸ்தாபனம். கைவினைப் பொருள்களை விற்க 1973இல் ஏற்பட்ட அரசாங்கக் கழகத்தின் கடைகள் பூம்புகார் என்ற பெயரால் விளங்குகின்றன. இவ்விரு கடைகளுக்கும் சென்று, வாங்காவிடினும் பார்த்து வருவதே ஒரு படிப்பாகும்.

ஓர் ஊரில் 20 குடும்பங்களுக்கு ஜமக்காளம் வேண்டுமெனக் கொள்வோம். ஒவ்வொருவரும் தனித்தனியே கடையில் வாங்கினால் 20 தடவை இடைத்தரகருக்கு இலாபம் போகிறது. விதிகள் இடங்கொடுக்குமாயின், சங்கம் வேண்டுதல்களைத் திரட்டி, நெசவாளர் சங்கத்துக்கு நேரே ஒரே கடிதம் எழுதலாம். அளவும் நிறமும் முன்கூட்டியே சொல்லி நெய்விக்கலாம். வாங்குபவருக்கு விலை குறைகிறது. நெய்பவருக்கு முன்கூட்டியே வேலை நிச்சயமாகிறது. சுண்ணாம்பையும் இவ்வாறே ஒரு வண்டியாகத் தருவிக்கலாம்.

9. கணக்கு

இப்பொழுது பணத்தைப் பற்றிப் பேசுவோம். ஒரு குடும்பம் வீட்டலங்காரத்துக்காக வெளியில் 40,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 800 ரூபாய் வட்டி. ஓராண்டில் 9,600; இரண்டாண்டில் 19,200. இவ்வளவும் கட்டிய பின்னும் அசல் 40,000 அப்படியே நிற்கிறது. வர்ணமோ அதற்குள் பழசாகிவிட்டது.

இன்னொரு குடும்பம் அதே 800 ரூபாயை மாதந்தோறும் சங்கத்தில் சேமிப்பாகப் போடுகிறது. முதலாண்டு முடிவில் கையிலுள்ள 9,600இல் ஒழுகலை அடைத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது. மிச்சத்தோடு இரண்டாம் ஆண்டுச் சேமிப்பையும் சேர்த்து விரிப்பும் விளக்கும் வாங்குகிறது. மூன்றாம் ஆண்டில் திண்ணைக்குக் கல் பதிக்க யோசிக்கிறது. அக்குடும்பம் எவருக்கும் கடன்படவில்லை. முதற்குடும்பம் வட்டியாகக் கொடுத்த தொகையே இரண்டாங்குடும்பத்தின் வீட்டில் பொருளாக நிற்கிறது.

செலவு செய்யவேண்டிய வரிசையும் முக்கியமானது. முதலில் கூரை ஒழுகலும் சுவரின் ஈரமும், இரண்டாவது ஜன்னலும் வெளிச்சமும், மூன்றாவது சுவர், நான்காவது தரை, கடைசியில் அலங்காரப் பொருள். ஒழுகும் கூரையின் கீழ் விலையுயர்ந்த விரிப்பைப் போடுபவர், ஓட்டைக் குடத்துக்குப் பூச்சூட்டுபவருக்கு ஒப்பாவர்.

முடிவுரை

வீட்டின் அழகு அதில் செலவிட்ட தொகையைப் பொறுத்ததன்று. அதைப் பார்த்த கண்ணையும் ஒழுங்கு செய்த கையையும் பொறுத்தது. பிறர் வீட்டைப் பார்த்து மனம் புழுங்குவதற்குப் பதிலாக, அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வாரம் ஒரு நாள் மாலை தம் ஊர்த் தெருக்களில் ஒரு சுற்று நடந்து, நல்ல நிலைப்படி, நல்ல கோலம், நல்ல திண்ணை என்று தாம் கண்டவற்றை ஒரு தாளில் குறித்து வரும்படி வேண்டுகிறோம். அத்தாளே அவரவர் வீட்டுக்கு வேண்டிய மாதிரிப் புத்தகமாகும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் அழகென்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பழைய வீடு எது? அதில் பின்பற்றத்தக்கவை யாவை?

2. சென்ற ஆண்டில் வீட்டலங்காரத்துக்காகக் கடன் வாங்கிய குடும்பங்கள் நம்மில் உண்டா? அக்கடன் இன்னும் நிற்கிறதா? (பெயர் கூற வேண்டுவதில்லை.)

3. நம் ஊரிலும் சுற்றூர்களிலும் உள்ள தச்சர், குயவர், நெசவாளர், பாய் முடைவோர் யார் யார்? அவர்களிடம் நாம் கடைசியாக எப்பொழுது சாமான் வாங்கினோம்?

4. வரும் பொங்கலுக்குச் சுண்ணாம்பைச் சங்கத்தின் மூலம் கூட்டாகத் தருவிக்க எத்தனை அங்கத்தினர்கள் சம்மதிக்கிறார்கள்?